மருந்து ரூம் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே

தீக்குச்சியை உரசியதும், சுடர் நிமிர்வதற்கு முன்பே மூக்கில் ஏறி மறைந்துவிடும் அந்தக் காரம் எனக்குக் கோவில்பட்டியின் வாசம், நிலவுக்கும் ஏறக்குறைய அதே வாசம்தான் என்று பின்னாளில் படித்தபோது ஊர் சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது. நிலவில் நடந்து திரும்பிய அப்போலோ வீரர்கள் கலத்துக்குள் ஏறித் தலைக்கவசத்தைக் கழற்றியதும், உடையில் ஒட்டி வந்த தூசி வெடித்து அடங்கிய வெடிமருந்து போல மணத்தது என்றார்கள், 1972 டிசம்பரில் அப்போலோ 17-இல் போன ஜீன் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் அதையேதான் சொன்னார்கள். இப்போது வீட்டு அடுப்பை லைட்டர் பற்றவைக்கிறது, டிக் என்ற சத்தம் உண்டு, வாசம் இல்லை, தீப்பெட்டி சாமி மாடத்தில் விளக்குக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது.

அந்த வாசத்தின் பின்னாலேயே போனால் தீப்பெட்டி ஆபீஸின் நீளக் கூடம் வருகிறது, ஓட்டின் நடுவே பதித்த கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும் வெயிலில் மெழுகின் ஆவி மிதக்க, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையில் குச்சி அடுக்குவார்கள், அடுக்கிய கட்டை முதலில் உருக்கிய மெழுகிலும் பிறகு மருந்திலும் முங்கி எழும். தாத்தாவுக்கு மருந்து கலக்கும் வேலை. மருந்து ரூம் கூடத்தை விட்டுத் தள்ளி, நடுவே வெறும் தரையை விட்டுத் தனியாக நிற்கும், உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றி, மடியில் இருக்கும் வெற்றிலைப் பொட்டலத்தையும் சாவிக்கொத்தையும் எடுத்து வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் நுழைவார், குளித்து வந்த பிறகும் அவர் நகக்கண்களில் செம்பழுப்பு போகாது. "மத்ததெல்லாம் காத்து இருந்தாத்தான் எரியும்லே, இது மூச்ச உள்ளேயே வச்சிருக்கு" என்பார். பொட்டாசியம் குளோரேட் சூடேறும்போது தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் தானே விடுகிறது, ராக்கெட்டும் அதே கணக்கில்தான் காற்றில்லாத இடத்தில் எரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்தப் பாடம் எனக்குப் பாதி தெரிந்ததாகவே இருந்தது.

எண்பதுகளில் பஞ்சாயத்து டிவி வந்தது, மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த கறுப்பு வெள்ளை டிவி, கொஞ்ச நேரம் ஓடியதும் அதன் முதுகில் படிந்த கரிசல் தூசி சூடேறி ஒரு கருகல் வாசம் கிளம்பும், அதோடு பெரியவர்களின் வெற்றிலையும் சுருட்டும் கலந்து அந்தச் சின்ன அறை நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் 'ஸ்டார் ட்ரெக்' போட்டது, 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஓடி முடிந்த தொடர், இங்கிலீஷ் யாருக்கும் புரியாது, புரியாததாலேயே பெரியவர்கள் பேச்சை விட்டுவிட்டு விண்கப்பலைப் பார்த்தார்கள். தட்டு மாதிரி ஒரு முன்பாகம், அதிலிருந்து இறங்கும் உடம்பு, உடம்பிலிருந்து இரண்டு நீளக் கைகள் மேலே தள்ளிப் போய், அவற்றின் நுனியில் எஞ்சின்கள். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாத்தா இரண்டாம் வாரமே சொல்லிவிட்டார், "கெட்டிக்காரன்லே, மருந்து ரூமத் தள்ளி வச்சிருக்கான்." எண்டர்பிரைஸ் என்ற அந்தக் கப்பலை வடிவமைத்த மேட் ஜெஃப்ரிஸ் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், அவ்வளவு சக்தியுள்ள எஞ்சின் ஆபத்தானது, ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து விலகித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியே அப்படி வரைந்தவர், கப்பலின் மேல்தோலை வழவழப்பாக விட்டதற்கும் காரணம் வைத்திருந்தார், பழுது பார்க்கிறவன் வெளியே தொங்காமல் உள்ளேயிருந்தே கைவைக்க வேண்டும் என்பது. அவர் யோசித்த யோசனை மொழி தெரியாத ஒரு மருந்துக்காரருக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது, நல்ல வடிவமைப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

கிணறு வெட்டப் போகும் ஒரு பெரியவரும் அங்கே வருவார், துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டுத்தான் உட்காருவார், அவர் கேட்டது ஒரே கேள்வி, "இத்தன பேரு இருக்காங்களே, தண்ணித் தொட்டி எங்கப்பா?" குழாயில் எந்த ராத்திரி தண்ணீர் வரும் என்று தெரியாமல் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பெண்கள் அவற்றின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய ஊரில் அது சின்னக் கேள்வி இல்லை. எண்டர்பிரைஸில் தொட்டியைக் காட்டியதாக நினைவில்லை, ஆனால் உண்மையான விண்வெளி நிலையத்தின் பாதிப் பாடு அதுதான், அங்கே மூச்சின் ஈரம், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றையும் வடித்துத் திரும்பக் குடிக்கிறார்கள், 98 சதவீதம் மீட்டுவிட்டோம் என்று நாசா 2023-இல் அறிவித்தது. நிலவில் நீரின் தடயத்தை நம்முடைய சந்திரயான்-1 சுமந்துபோன கருவி காட்டியதும், உலகமே அடுத்த வீட்டை நிலவின் தென்துருவத்தில் கட்டலாம் என்று பேச ஆரம்பித்தது, ஊர் அமைக்கிறவன் முதலில் ஊற்று பார்க்கிறான்.

ஆச்சிக்கு இந்த டிவிக் கப்பல் புதிதில்லை, அவள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து 'கலைஅரசி' பார்த்தவள், 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கி எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம், வேற்றுலகத்தார் பறக்கும் தட்டில் வந்து, தங்களிடம் இல்லாத பாட்டைத் தேடிப் பானுமதியைத் தூக்கிப்போவார்கள், பின்னால் போய் மீட்டு வருகிறவன் ஒரு விவசாயி. பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டே ஆச்சி அந்தக் கதையைச் சொல்வாள், உரலிலிருந்து பால் வாசம் ஏறும், நம்மிடம் உள்ளதும் அவர்களிடம் இல்லாததும் பாட்டு என்பதில் அவளுக்குப் பெருமை, ஆனால் கதை முடிந்ததும் "அந்த ஊர்ல என்ன வெள்ளாமைன்னு கடைசிவரைக்கும் காட்டலயே" என்ற குறை அவளுக்குத் தீரவே இல்லை.

எங்கள் வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிய வெயில்காலமும் இதோடுதான் நினைவில் கிடக்கிறது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், அதன் மேல் கட்டிய சுவர் அதோடு ஏறி இறங்கி விரிந்துபோகும், அதனால் கறுப்பு மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, சரளை தட்டுப்படும்வரை இறங்கி, மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதற்குப் பிறகுதான் கல் வைப்பார்கள். குழிக்குள் இறங்கி நின்றால் மேலே கொதிக்கும் வெயில் கணுக்காலுக்குக் கீழே குளிர்ந்துவிடும். 2023 ஆகஸ்டில் நிலவில் தரையிறங்கிய நம்முடைய விக்ரம் கலம் தன் வெப்பமானியை நிலவு மண்ணில் இறக்கியபோது, மேலே 50 டிகிரிக்கும் அதிகம், 8 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பூஜ்யத்துக்குக் கீழே, அந்தச் செய்தியைப் படித்தபோது என் காலில்தான் முதலில் உணர்ந்தேன். 1975-இல் வந்த 'ஸ்பேஸ்: 1999' என்ற பிரிட்டிஷ் தொடரை வெகுநாள் கழித்துப் பார்த்தேன், அதன் நிலவுத்தளமான ஆல்ஃபாவில் தலைமை அறைக்குப் பெரிய பெரிய ஜன்னல்கள், பார்க்க அழகு, ஆனால் கதிர்வீச்சும் விண்கல் துகளும் தடையின்றி விழும் இடத்தில் மனிதன் மீட்டர் கணக்கில் மண்ணைப் போர்த்திக்கொண்டுதான் இருக்க முடியும், இரண்டாம் ஆண்டில் அவர்களே கட்டுப்பாட்டு அறையை நிலத்தடிக்குக் கொண்டுபோனபோது, சரளை தட்டுப்பட்ட நிம்மதி எனக்கு வந்தது.

அதே தொடரின் ஈகிள் கலத்தை நான் மனதாரப் பாராட்டுவேன், பிரையன் ஜான்சன் வடிவமைத்தது, காற்றில்லாத இடத்தில் வழவழப்பு எதற்கு என்று கேட்டதுபோல இரும்புச் சட்டமே முதுகெலும்பாகத் தெரியும், நடுவில் உள்ள அறையை டிராக்டரிலிருந்து டிரெய்லரைக் கழற்றுவதுபோலக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஒன்றுதான் குறை, எத்தனை முறை இறங்கி ஏறினாலும் அதன் வெள்ளை மங்காது. நிலவுத் தூசி கண்ணாடிப் பொடி போலக் கூரானது, எதிலும் ஒட்டும், அப்போலோ 17 வண்டியின் மட்கார்டு செர்னனின் சுத்தியல் பட்டு உடைந்தபோது வாரியடித்த தூசியைத் தாங்க முடியாமல், நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டிக் கவ்விகளால் பிடித்துப் புது மட்கார்டு செய்துகொண்டார்கள். ஆடிக் காற்றில் ஜன்னல் இடுக்கெல்லாம் துணி திணித்து வைத்த ஆச்சி அதைப் பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள்.

இப்போது வீட்டுக் கூடத்தில் பெரிய திரை இருக்கிறது, கலங்கள் கண்ணைப் பறிக்கின்றன, ஆணி தெரியாது, அழுக்குத் தெரியாது, தண்ணீரும் தெரியாது, பார்க்கிற பிள்ளைகளும் கேட்பதில்லை, அவர்களுக்கே கேன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. காட்சி தத்ரூபமாகிவிட்டது, குடித்தனம் காணாமல் போய்விட்டது. கற்பனைக் கலத்தை நம்ப வைப்பது மினுமினுப்பு இல்லை, அதில் ஒருவர் நாலு நாள் குடியிருந்து பார்த்தாரா என்பதுதான், தகரமும் அட்டையுமாகச் செய்த பழைய தொடர்களில் அப்படிக் குடியிருந்து பார்த்த மனிதர்கள் சிலர் இருந்தார்கள், மருந்து ரூமை விட்டுத் தள்ளி வாழ்ந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, குலசேகரப்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே ஏவலாம் என்பதால் தேர்ந்தெடுத்த இடம், அங்கிருந்து போக இருக்கும் எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று நிலைகளும் திட எரிபொருள், மூச்சை உள்ளேயே வைத்திருக்கும் மருந்து. இனி பள்ளிக்கூடங்களில் ராக்கெட்டும் நிலவு வீடும் வரையச் சொல்வார்கள். சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள், வர்ணம் நன்றாக இருக்கிறது என்று மார்க் போடுவதற்கு முன், தண்ணீர் எங்கே, தூசி எங்கே போகும், வெடிப்பதை எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறாய் என்று மூன்றும் கேளுங்கள், பதில் தெரியாத பிள்ளையை வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள்.