பரணில் கிடந்த கான்ட்ரா

வீடு மாத்துறதுல இருக்கிற ஒரே சுவாரசியம் பரணைக் காலி பண்றதுதான். 2025 பொங்கல் முடிஞ்ச வாரம், திருமங்கலத்துல ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாறினோம். ஏணியில ஏறினது நான். கீழே நின்னு "இது வேணும், இது வேணாம்"னு தீர்ப்பு சொன்னது அம்மா. ஓட்டைக் குண்டான் வேணுமாம். நான் பரிசு வாங்கின கட்டுரை நோட்டு வேணாமாம். இப்படிப் போய்க்கிட்டிருந்தப்போ ஒரு பழைய மிக்சி அட்டைப்பெட்டி கையில சிக்குச்சு. சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே ஸ்கெட்ச் பேனாவுல அக்காவோட கையெழுத்து: "யாரும் தொடக் கூடாது."

"அது அந்த டிவி கேமுடா. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுரு" என்றார் அம்மா.

போடலை. ஏன் போடலைங்கிறதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு, பொறுத்துக்கோங்க.

அக்கா எனக்கு எட்டு வயசு மூத்தவ. ஆறாம் வகுப்புல அவ முதல் ரேங்க் எடுத்ததுக்கு அப்பா மதுரை டவுன்ஹால் ரோட்டுல பேரம் பேசி வாங்கித் தந்த பொருள் அது. ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983-ல வெளியிட்ட ஃபேமிகாம் மெஷினோட நகல். நகலுக்கு நகலா, அந்த நகலுக்கு இன்னொரு நகலான்னு எல்லாம் கேக்காதீங்க. நம்ம ஊர்ல பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது அப்படிப்பட்ட மெஷின்தான். ரெண்டு கண்ட்ரோலர், ஒரு துப்பாக்கி, "999999 கேம்கள்"னு ஸ்டிக்கர் ஒட்டின ஒரு மஞ்சக் கலர் கேசட். உள்ளே போய் எண்ணினா பத்துப் பன்னிரண்டு கேம்தான் இருக்கும். அதையே திருப்பித் திருப்பி வேற வேற பேர்ல போட்டிருப்பான். அந்த வயசுல எங்களுக்கு அது ஏமாத்து வேலையாத் தெரியலை. என்னைக்காவது ஒருநாள் 999999-க்குப் போய்ச் சேருவோம்னு நம்பிக்கையா பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தோம்.

கேசட் வேலை செய்யலைன்னா கழட்டி, வாயில வச்சு 'ஃபூ'ன்னு ஊதி, மறுபடி செருகுவோம். உலகம் பூரா இதே வைத்தியம்தான் நடந்திருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. உண்மையில ஊதுறதுல ஒண்ணும் இல்லை. எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கிற செப்புத் தகடு கெடத்தான் செய்யும். கழட்டி மறுபடி செருகும்போது தகடு ஒழுங்காப் பொருந்திடுது, அவ்வளவுதான். ஆனா பலன் கிடைச்ச வைத்தியத்தை யார் சந்தேகப்படுவா?

மரியோ, டாங்கி, வாத்து சுடுறது எல்லாம் ஆடினோம். ஆனா எங்க வீட்டு கேம்னா அது கான்ட்ராதான். மொத்தம் எட்டு லெவல். ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம். அக்கா முதல் ஆள், நான் ரெண்டாவது ஆள். எனக்கு அப்போ ஆறு வயசு இருக்கும். கண்ட்ரோலரைப் பிடிச்சுக்கிட்டு நானும் சேர்ந்து குதிப்பேன், டிவியில இருக்கிறவன் மட்டும் குதிக்க மாட்டான்.

கான்ட்ரா ஆடினவங்களுக்கு மூணாவது லெவல் ஞாபகம் இருக்கும். அருவி லெவல். பக்கவாட்டுல ஓடுறதுக்குப் பதிலா, பாறை பாறையாத் தாவி மேலே ஏறணும். அதுல ஒரு வில்லங்கம் உண்டு. யார் வேகமா ஏறுறாங்களோ அவங்க கூடவே திரையும் மேலே போயிடும். கீழே பின்தங்கி நிக்கிறவனுக்குத் தரை மறைஞ்சிடும். அவன் செத்துப் போவான். எதிரி சுட்டு இல்லை, கூட வந்தவன் நிக்காம ஏறினதால சாவான்.

எங்க தெருப் பசங்க கூட ஆடினப்போ நான் அந்த லெவல்ல செத்தது கணக்கே இல்லை. அக்கா கூட ஆடினப்போ செத்ததா ஞாபகம் இல்லை. அவ ரெண்டு பாறை ஏறுவா, நிப்பா. மேலேயிருந்து உருண்டு வர்ற கல்லுக்கு நின்ன இடத்துலயே விலகிக்கிட்டு, "இப்ப குதிடா... அவசரப்படாத... இப்ப" என்பா. நான் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த பாறை. அப்படி நின்னதுல அவ உயிர் போயிருக்கு, ஒரு தடவை இல்லை, பல தடவை. அதை அவ சொல்லிக் காட்டினதே கிடையாது.

2012 ஜூன்ல அக்கா பிளஸ் டூ போனா. அப்பா டிவி கேமைப் பெட்டியில கட்டி பரண்ல வச்சார். "பரீட்சை முடியட்டும், எடுத்துக்கலாம்" என்றார். பரீட்சை முடிஞ்சுது. அவ காலேஜ் போனா. பெட்டி இறங்கலை. பொம்பளைப் பிள்ளை இன்னும் டிவி கேம் ஆடிக்கிட்டிருந்தா பாக்கிறவங்க என்ன சொல்வாங்கன்னு யாரோ ஒரு பெரியவங்க சொன்னாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. அக்கா ஒண்ணும் சொல்லலை. படிப்பு, வேலை, கல்யாணம், கோயம்புத்தூர்.

நானும் பிளஸ் டூ படிச்சேன். என் போனை யாரும் பரண்ல வைக்கலை. பப்ஜியை 2020 செப்டம்பர்ல அரசாங்கம் தடை செஞ்சதுதான் அந்தப் பருவத்துல எனக்கு நேர்ந்த ஒரே கஷ்டம்.

2021-ல காலேஜுக்குன்னு லேப்டாப் வாங்கித் தந்தாங்க. அங்கேதான் நான் 'சேகரிப்பாளர்' ஆனேன். ஒரு கடையில வாராவாரம் வியாழக்கிழமை ராத்திரி ஒரு கேம் இலவசம். இன்னொரு கடையில கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில தேவையில்லாத புடவை எடுக்கிற அத்தையைக் கிண்டல் பண்ணினவன் நான். அதே நான் 80 சதவீதம் தள்ளுபடின்னு பாத்ததும் விவசாயம் பண்ற கேம், விமானம் ஓட்டுற கேம், ரயில்வே ஸ்டேஷன் நிர்வாகம் பண்ற கேம்னு அள்ளிப் போட்டேன். இப்போ கணக்குல 187 கேம் இருக்கு. திறந்து பாத்தது நாப்பது இருக்கலாம். முடிச்சது ஆறு. ராத்திரி மெஸ்ஸுல சாப்பிட்டு வந்து, எதை ஆடலாம்னு பட்டியலை மேலேயும் கீழேயும் உருட்டிக்கிட்டே இருப்பேன். முக்கால் மணி நேரம் போயிடும். அப்புறம் தூங்கிடுவேன். இதுதான் என் 'கேமர்' வாழ்க்கை.

இந்த 187-ம் என்னுதான்னு ஒரு பெருமை இருந்தது. அதுலயும் மண். 2024-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு: டிஜிட்டலா விக்கிறது வெறும் உரிமம்தான்னா, 'வாங்கு'ன்னு மொட்டையா எழுதி விக்காதே, உரிமம்னு தெளிவாச் சொல்லு. அந்த வருஷமே ஸ்டீம் கடையில காசு கட்டுற இடத்துல அந்த வாசகம் வந்துடுச்சு. அதாவது நான் வாங்கினது எதுவும் நான் 'வாங்கினது' இல்லை. ஆடிக்கோன்னு குடுத்த அனுமதி, அவ்வளவுதான். அதே 2024 மார்ச்சுல 'தி க்ரூ'ங்கிற கார் கேமோட சர்வரை நிறுத்தினாங்க; காசு கொடுத்து வாங்கி வச்சிருந்தவங்களாலயும் அதுக்கப்புறம் ஆட முடியலை. அதுக்கு முந்தின வருஷம் மார்ச்சுல நின்டெண்டோ தன்னோட 3டிஎஸ், வீ யூ மெஷின்களுக்கான ஆன்லைன் கடையை மூடிச்சு. 2023-ல வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளைன்னு ஒரு அமெரிக்க அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது: 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87 சதவீதம் இப்போ கடையில காசு கொடுத்து வாங்கக் கிடைக்காது. புத்தகத்துக்கு நூலகம் இருக்கு, சினிமாவுக்கு ஆவணக் காப்பகம் இருக்கு. கேமுக்கு? யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்தான்.

சேகரிப்புன்னா இன்னொரு பக்கமும் இருக்கு. 2021 ஜூலையில 'சூப்பர் மரியோ 64' கேசட் ஒண்ணு அமெரிக்காவுல ஏலத்துல 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சு. ஏன் அவ்வளவு? பிளாஸ்டிக் உறை பிரிக்கவே இல்லை. அதாவது, எந்தக் குழந்தையும் அதைத் தொடலை, ஊதலை, செருகலை. ஆடப்படாத ஆட்டத்துக்குத்தான் அவ்வளவு விலை. அப்படிப் பாத்தா எங்க மஞ்சக் கேசட்டுக்கு அஞ்சு ரூபா கூடத் தேறாது. திருட்டு நகல், ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சது, ஒரு ஓரத்துல என் பல் தடம் வேற இருக்கு.

பெட்டியைப் பிரிச்சதும் அக்கா வந்து பக்கத்துல உக்காந்தா. பொங்கலுக்கு வந்தவ வீடு மாத்த உதவின்னு இருந்துட்டா. கூட அவளோட நாலு வயசு மகள். மூணு பேரும் சேர்ந்து புது எல்.இ.டி. டிவியில மாட்டினோம். படம் வந்துடுச்சு! 13 வருஷத் தூக்கத்துக்கப்புறம், ஒரு ஊது கூட இல்லாம.

பாப்பா துப்பாக்கியை எடுத்து வாத்து சுட்டா. ஒண்ணு கூட விழலை. வாத்துக்கு மூக்கு ஒட்டி வச்சு சுட்டாலும் விழலை. அந்த நாய் மட்டும் புதருக்குள்ளேயிருந்து எழுந்து சிரிச்சுது. பாப்பா அழுதுட்டா.

ஏன்னு தேடிப் பாத்தேன். அந்தத் துப்பாக்கி எதையும் சுடறதில்லையாம். அதுக்குள்ள இருக்கிறது வெளிச்சத்தைப் பாக்கிற ஒரு கண். விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதல்ல இருட்டு, பிறகு வெளிச்சம் - ரெண்டையும் கண் சரியான நேரத்துல பாத்தா வாத்து விழும். குண்டு பல்பைக் குறி வச்சா வாத்து விழும்னு எதிர்வீட்டுப் பையன் சொன்னதை நம்பி நான் தோத்ததுக்கும் காரணம் இப்பத்தான் புரிஞ்சுது, பல்பு கறுப்பாகாதே. பழைய குண்டு டிவியில படம் அந்தந்தக் கணமே விழும். புது டிவி படத்தை வாங்கி, சரி பண்ணி, கொஞ்சம் தாமதமாக் காட்டும். கண்ணு பாக்கிற நேரத்துல வெளிச்சம் வந்து சேர்ந்திருக்காது. மெஷின் இருக்கு, துப்பாக்கி இருக்கு, கேசட் இருக்கு. ஆனா அதைப் பாக்கத் தெரிஞ்ச டிவி இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிவி ரிப்பேர் கடை வச்சிருக்கிற அண்ணாச்சிகிட்ட போனேன். மூலையில துணி போட்டு மூடி வச்சிருந்த 21 இஞ்ச் குண்டு டிவியை 400 ரூபாய்க்குக் கொடுத்தார். "எதுக்குத் தம்பி?"ன்னு கேட்டார். "வாத்து சுட"ன்னேன். மேலேயும் கீழேயும் பாத்துட்டு ஆட்டோவுல ஏத்த உதவினார்.

பாப்பா அன்னைக்குச் சுட்ட வாத்துக்கு அளவே இல்லை.

அவ தூங்கினப்புறம் நானும் அக்காவும் கான்ட்ரா போட்டோம். ரெண்டாவது கண்ட்ரோலரை நான் எடுக்கப் போனேன். "நீ முதல்ல ஆடு, எனக்கு மறந்துபோச்சு"ன்னா. நிஜமாவே மறந்திருந்தது. முதல் லெவல்லயே ரெண்டு உயிர் போச்சு. "எனக்குக் கை வரலைடா" என்று சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

அருவி லெவல் வந்தது. நான் வழக்கம்போல கடகடன்னு ஏறினேன். 187 கேம் வச்சிருக்கிறவன் இல்லையா! திடீர்னு பக்கத்துல சத்தமில்லை. திரும்பிப் பாத்தா அவ கண்ட்ரோலரைக் கீழே வச்சிருந்தா. நான் ஏறின வேகத்துல அவ தரை மறைஞ்சு, கடைசி உயிரும் போயிருந்தது.

ரீசெட் பட்டனை அழுத்தினேன். முதல்லேயிருந்து ஆரம்பிச்சோம். இந்தத் தடவை ரெண்டு பாறை ஏறினேன், நின்னேன். கல் உருண்டு வந்தது, விலகினேன். அவ ஒரு பாறையில தயங்கி நின்னா. நான் வாயைத் திறக்கலை, சொல்லிக் கொடுத்தவகிட்டேயே என்ன சொல்றது? ஒரு உயிர் போச்சு எனக்கு. பரவாயில்லை. மூணாவது கல்லுக்கு அப்புறம் அவ விரலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. சரசரன்னு ஏறி என்னைத் தாண்டிப் போனா. போனவ, பழக்கதோஷம், மேலே போய் நின்னா.

"என்னடா அங்கேயே நிக்கிற? குதி!"

எட்டாவது லெவல் முடியும்போது மணி ரெண்டரை. மறுநாள் அவ கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது மிக்சி பெட்டியும் கூடவே ஏறிச்சு. குண்டு டிவியையும் அனுப்பி வைக்கச் சொல்லி அத்தான்கிட்ட பேசியாச்சு. "யாரும் தொடக் கூடாது"ங்கிறதுல 'கூடாது'வை அவ அடிச்சுட்டு, 'லாம்'னு எழுதியிருந்தா.

என் 187 அப்படியே இருக்கு. அந்த வார வியாழக்கிழமை ராத்திரி இலவச கேமை எடுக்க மறந்துட்டேன். வருத்தமா இல்லை. அதுல ரெண்டு பேர் ஆடலாமான்னு மட்டும் கேட்டு வச்சுக்கிட்டேன்.