காங்கேயம் கொறங்காட்டில் கோடைத் தீவனம்

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் வழியில் கிளுவை முள்வேலிகள் கண்ணில் படும். வேலிக்குள் இருப்பது கொறங்காடு. கொழுக்கட்டைப்புல்லும் இடையிடையே வெள்வேல மரமுமாக உள்ள மானாவாரி மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகள் உரமேறியது இந்தப் புல்லில்தான்.

ஐப்பசி மழையில் தழைக்கும் புல், பங்குனியில் காய்ந்து தரையோடு படுத்துவிடும். பிறகு மரத்தடியில் உதிரும் வெள்வேலங்காயும், வீட்டோரம் போட்டு வைத்த சோளத்தட்டுப் போரும்தான் கைகொடுக்கும்.

போர் பெரிதாக இருக்கிறது, மாடு வயிறு நிறையத் தின்கிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது, பசு பருவத்துக்கு வருவதில்லை. காரணம் தட்டின் அளவல்ல, அதன் சத்து. சோளத்தட்டில் புரதம் 3 முதல் 4 சதவீதமே உண்டு. மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய, மொத்தத் தீவனத்தில் சுமார் 7 சதவீதப் புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டு வயிற்றிலேயே தங்கும், தின்னும் அளவும் குறையும்.

அதற்கான மருந்து உள்ளூரிலேயே கிடைக்கிறது. காங்கேயம் வட்டாரம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. நல்ல தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம். ஆனால் தவிடு மட்டும் போதாது. கணக்கைப் பார்ப்போம்:

6 கிலோ சோளத்தட்டு – புரதம் 210 கிராம்
1 கிலோ தவிடு – 130 கிராம்
அரை கிலோ கடலைப் பிண்ணாக்கு – 200 கிராம்

ஏழரைக் கிலோ தீவனத்தில் 540 கிராம். 7 சதவீதம் தேறிவிடுகிறது. சுமார் 300 கிலோ எடையுள்ள, கறவை வற்றிய பசுவுக்கு இது ஒரு நாளைய அளவு. சினையின் கடைசி மூன்று மாதங்களில் தவிட்டைக் கொஞ்சம் கூட்டலாம்.

தவிடு வாங்கும்போது ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உமி கலந்திருந்தால் மேலே மிதக்கும். உமிக்குக் கொடுக்கும் காசு வீண். பச்சரிசித் தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும். எனவே ஒரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குவது நல்லது. பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடவே வேண்டாம்.

தவிட்டில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வால் காளைகளுக்குச் சிறுநீர்க்கல் வரலாம். ஆகவே நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும். புதுத் தீவனத்தைப் பத்து நாட்களில் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். குடிதண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும். தீவனம் இல்லாமல் மெலிந்த பசுவைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டால், அடுத்த மழைக்குக் கொறங்காட்டில் புல் இருக்கும், மேய மாடு இருக்காது. மாசியிலேயே போரையும் மாடுகளையும் எண்ணிக் கணக்குப் போட்டுக்கொண்டால், தாய்ப்பசு பட்டியிலேயே நிற்கும்.