சூட்டுத் திடலில் ஒரு காலை

கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவனுக்குத் தனிமை என்பது கிடைத்தற்கரிய பொருள். கொழும்பு 13 என்று தபாற்காரர் அறிந்த இந்தச் சிறு நிலப்பரப்பில், விடியற்காலையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்து மணியோசை கேட்கும். அது ஓயுமுன் புனித லூசியா பேராலயத்து மணி முழங்கும். பள்ளிவாசலின் பாங்கொலி ஒருபுறமும், விகாரையின் பிரித் ஓதல் இன்னொருபுறமும் காற்றில் மிதந்து வரும். சேர். பொன். இராமநாதன் கருங்கல்லாலே எழுப்பிய கோயிலுக்கும், ஒல்லாந்தர் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்து வைத்த வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்கும் இடையே நடந்து செல்லச் சிறிது நேரமே போதும். அந்தச் சிறு நடைக்குள் எத்தனை மொழிகள், எத்தனை சமையல் மணங்கள்! இங்கே எவரும் எதனையும் தனியே அநுபவித்தல் இயலாது. வீதியும் பொது, ஓசையும் பொது, சில வேளைகளில் அயலாரின் குடும்பச் சண்டையுங் கூடப் பொது.

இத்தகைய ஊரிலே நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கல்லூரி ஒன்றில் ஆசிரியத் தொழிலும் புரிந்துவரும் எமக்கு, பிறரோடு இடத்தைப் பகிர்ந்து வாழும் கலையிலே இனிக் கற்பதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் இருந்தது. அவ்வெண்ணம் பிழையென்று ஒரு சனிக்கிழமை எமக்கு உணர்த்தியது. அந்நாளின் கதையையே வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

எமது மாணவி ஒருத்தி, 2021இல் நிகழ்ந்த தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் காற்றுத் துவக்குப் போட்டியிலே இந்நாட்டின் தெஹானி எகொடவெல பங்குபற்றிய செய்தியைப் படித்த நாள் முதலாய், தானும் குறிபார்த்துச் சுடப் பழக வேண்டுமென்று ஆசை கொண்டிருந்தாள். அவளுடைய ஆர்வம் வேறு ஐவரையும் பற்றிக்கொண்டது. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்துடன் அறுவரையும் ஒருநாள் அழைத்துச் செல்ல இசைந்தோம். வீட்டில் இதைத் தெரிவித்தபோது எம் தாயார் முகம் சுளித்தார்.

“படிப்பிக்கிற வாத்தியாருக்குத் துவக்கு என்னத்துக்கு, தம்பி?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்து விட்டது. ஆயினும் துவக்கு என்னும் சொல் தமிழ்க் குடும்பங்களிலே எழுப்பும் கலக்கம் இன்னும் முற்றாக ஓயவில்லை. இது உயிர் குடிக்கும் துவக்கன்று. காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டு ஒன்றைப் பத்து மீற்றர் தூரத்திலுள்ள தாளுக்குச் செலுத்தும் விளையாட்டுக் கருவியென்று விளக்கினோம். “கண்ணிலே பட்டால்?” என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாடகை வான் வந்தது. ஆனால் ஜம்பட்டா வீதியை அடுத்துள்ள எமது ஒழுங்கையின் வாயிலிலே வெங்காய மூட்டைகள் ஏற்றிய லொறி ஒன்று குறுக்கே நின்றது. நாட்டாமைமார் ஆறுதலாக மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தனர். சாரதி தேநீர்க் கடை வாங்கிலே அமர்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் லொறியை நாலு முழம் பின்னே எடுத்திருந்தால் நாம் போயிருக்கலாம். நாமோ ஒன்றும் பேசவில்லை. “நமக்கேன் வம்பு” என்று வானுக்குள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அதனைப் பொறுமை என்று எமக்கு நாமே பெயரிட்டும் கொண்டோம்.

வழி திறந்தபின் கொச்சிக்கடையைத் தாண்டி, துறைமுக மதிலோரமாகக் கோட்டைக்குள் புகுந்து காலிமுகத் திடலை அடைந்தோம். கடற்காற்று வானுக்குள் புகுந்ததும் பிள்ளைகளின் வாடிய முகங்கள் மலர்ந்தன. இத்திடலும் ஒரு காலத்திலே குண்டு பாய்வதற்கென்று விடப்பட்ட வெளியே என்று கூறியபோது அவர்கள் வியந்தனர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைப் பீரங்கிகளின் பார்வைக்கு எதுவும் மறைப்பாக இராதபடி இந்த வெளியை வெறுமையாக வைத்திருந்தனர் என்பர். பின்னர் ஆங்கிலேய ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் கடலோர நடைபாதையை அமைக்கத் தொடங்கினார். 1859இல் அது நிறைவெய்தியபோது, கொழும்பின் மாதரும் சிறுவரும் பயன்பெறும்பொருட்டுத் தமக்குப் பின்வரும் ஆளுநர்கள் இதனைப் பேணவேண்டும் என்ற கருத்துப்படக் கல்லிலே பொறித்தும் வைத்தார்.

திடலிலே குதிரைப் பந்தயமும் நடந்தது. கொல்ப் ஆட்டமும் நடந்தது. நடப்பவர் தொகை பெருகப் பெருக, ஓடும் குதிரைக்கும் பறக்கும் பந்துக்கும் இவ்விடம் ஒவ்வாதென்று கண்டனர். பந்தயம் கறுவாத் தோட்டத்துக்குப் போயிற்று. கொல்ப் ஆட்டம் 1896இல் பொரளைப் பக்கம் சென்றது. இன்று எஞ்சியிருப்பவை பட்டங்களும் இறால் வடையும் அலையோசையுமே. அபாயமான பொழுதுபோக்கு எதுவும் பொது வெளியிலே நிலைக்க வேண்டுமாயின் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கு இயலாதாயின் இடம் மாற வேண்டும். திடல் கற்பிக்கும் முதற் பாடம் அது.

நாம் சென்றடைந்த சூட்டுத் திடலின் பெயர் இங்கு அவசியமன்று. நகர ஓரத்திலே, தகரக் கூரையின் கீழ், வரிசையாகப் பன்னிரண்டு சுடுமிடங்கள். எதிரே இலக்குத் தாள்கள். அவற்றின் பின்னே மண்மேடு. பொறுப்பாளர் அறுபது வயதைக் கடந்த சிங்களப் பெரியார். தமிழும் தட்டுத் தடுமாறிப் பேசுவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நான்கு விதிகளைக் கூறினார். ஒவ்வொரு துவக்கையும் குண்டு உள்ளதாகவே கருதுக. குழல் வாய் எந்நேரமும் மண்மேட்டையே நோக்குக. குறி பார்க்கும் வரையில் விரல் விசையைத் தொடாதிருக்க. சிவப்புக் கொடி ஏறியதும் துவக்கை வாங்கிலே வைத்துவிட்டு விலகி நிற்க. தாள் மாற்ற எவரேனும் முன்னே சென்றிருக்கும்போது அதனைத் தொடுதலும் குற்றம். இவற்றைச் சொன்னபின் ஐந்தாவதாக ஒன்றும் கூறினார்: “‘நிறுத்து’ என்று கூவ இங்கே எல்லாருக்கும் உரிமை உண்டு. சின்னப் பிள்ளைக்கும் உண்டு.”

வெளியிலிருந்து காண்பவர்க்கு இது சத்தமான விளையாட்டாகத் தோன்றும். உண்மையிலே இது மௌனத்தின் விளையாட்டு. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீற்றரே. குண்டின் குறுக்களவோ நாலரை மில்லிமீற்றர். மூச்சை அடக்கி, நாடித் துடிப்பின் இடைவெளியிலே விசையை அழுத்த வேண்டும். எம் மாணவி அரை மணி நேரத்துள் கறுப்பு வட்டத்துக்குள்ளே நாலு குண்டுகளை இறக்கிவிட்டாள். அவளுடைய முகத்தில் அப்போதிருந்த அமைதியை வகுப்பறையிலே நாம் கண்டதில்லை.

அவ்வேளையில் அடுத்த சுடுமிடங்களுக்கு நான்கு இளைஞர்கள் வந்தனர். நல்ல உடை, நல்ல கல்வி. ஏதோ காரியாலயத்தின் விடுமுறைக் குதூகலம். கைத்தொலைபேசியிலே சினிமாப் பாட்டு முழங்கிற்று. ஒருவர் சுடும்போது மற்றவர் பின்னின்று விலாவிலே குத்திச் சிரித்தார். படம் பிடிக்கும் முக்காலி எமது பிள்ளைகளின் இடத்துக்குள்ளே நீண்டது. மாணவியின் அடுத்த இரு குண்டுகளும் தாளிலேயே படவில்லை. எம்முடன் வந்த மாணவன் ஒருவன் முஷ்டியை மடக்கிக்கொண்டு எழுந்தான். “பேசாமல் இரு, நாம் விருந்தாளிகள். சிறிது நேரத்தில் போய்விடுவார்கள்” என்று அவனை இருத்தினோம். சண்டையைத் தவிர்த்துவிட்டோம் என்று எமக்குப் பெருமை வேறு.

சிவப்புக் கொடி ஏறிற்று. பொறுப்பாளரும் எமது பிள்ளைகள் மூவரும் தாள் மாற்ற முன்னே நடந்தனர். அந்நேரத்திலே இளைஞர்களில் ஒருவர், கொடியைக் கவனியாமல், படத்துக்கு நிற்பதற்காக வாங்கிலிருந்த துவக்கைக் கையிலெடுத்துத் திரும்பினார். குழல் வாய் இலக்குகளின் பக்கம் வளைந்து சென்றது. அங்கே மூன்று பிள்ளைகளின் முதுகுகள் இருந்தன.

“நிறுத்துங்கள்!”

கூவியவள் அந்த மாணவி. நாமல்லோம்.

திடல் முழுவதும் உறைந்தது. பொறுப்பாளர் ஓடவில்லை, ஏசவில்லை. திரும்பி வந்து இளைஞரின் கையிலிருந்த துவக்கின் குழலை முதலில் நிலத்தை நோக்கித் தாழ்த்தி, பின் அதனை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே குண்டு இருந்தது. அதை எடுத்து இளைஞரின் உள்ளங்கையிலே வைத்தார். அவர் சொன்ன கண்டனம் அவ்வளவே. பின்னர் பன்னிரண்டு துவக்குகளையும் திறந்து வைக்கச் செய்தார். குழலுக்குள் நிறநாடா இடச் செய்தார். நால்வரையும் கால் மணி நேரம் பின் வாங்கிலே இருக்கச் சொன்னார். பாட்டும் நின்றது, முக்காலியும் மடிந்தது. கால் மணி கழிந்தபின், அவர்களைக் கடைசிச் சுடுமிடத்துக்கு அழைத்துச் சென்று, முதற் பாடத்திலிருந்து தாமே கற்பித்தார். போகும்போது அந்த இளைஞர் மாணவியிடம் வந்து, “மன்னிக்க வேணும், தங்கச்சி” என்றார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. அவர் கொடியவரல்லர், அருகிலே பிறர் இருப்பதை மறந்தவர், அவ்வளவே.

பொறுப்பாளர் எம்மைத் தனியே அழைத்தார். எம்மைப் பாராட்டுவார் என்று எண்ணினோம்.

“சேர், அந்தப் பிள்ளை செய்ததை நீங்கள் அரை மணிக்கு முந்திச் செய்திருக்க வேணும். பாட்டுப் போட்டபோதே என்னிடம் சொல்லியிருக்கலாம். சின்னப் பிழையிலே நிறுத்தினால் பெரிய பிழை வராது.”

அவ்வார்த்தைகள் எம்மைச் சுட்டன. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைக்கு அருகே, பசுமலைப்பட்டியிலுள்ள துப்பாக்கிப் பயிற்சித் திடலை அடுத்து 2021 டிசம்பர் 30ஆம் தேதி நிகழ்ந்தது நினைவுக்கு வந்தது. படையினர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, திடலுக்கு வெளியே தன் பாட்டனார் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையிலே குண்டொன்று பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அக்குழந்தை உயிர் நீத்தது. அங்கே பிழை எவருடையது என்று தீர்ப்பது எம் வேலையன்று. எல்லை தாண்டிய குண்டைத் திருப்பி அழைக்க ஒருவராலும் முடியாது என்பதை மட்டும் எவரும் மறுக்கார்.

காலத்தோடு நிறுத்தியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1860இல் விம்பிள்டன் பொதுவெளியிலே தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் முதலாவது போட்டி நடந்தபோது, முதற் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணியார். அத்தகைய கீர்த்தி பெற்ற திடலுங் கூட, சுற்றிலும் வீடுகள் பெருகியதும் அங்கே நிலைக்கவில்லை. 1890 முதல் போட்டிகள் பிஸ்லி என்னும் ஒதுக்கிடத்துக்கு மாறின. மகாராணியார் தொடங்கி வைத்தது என்பதற்காக அயலார் வாய்மூடி இருந்துவிடவில்லை.

மாலையில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினோம். தீபதுத்தாராமய விகாரைப் பக்கமாக வான் சென்றபோது, இவ்வூரின் பழங்கதை ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கூறினோம். 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. இதே விகாரையை நோக்கிப் பௌத்தரின் ஊர்வலம் ஒன்று மேளதாளத்துடன் வந்தது. கத்தோலிக்க மக்களுக்கோ அது திருநாள். ஒரே வீதி, ஒரே நாள், இரு சாராருக்கும் உரிமை. ஏற்ற வேளையிலே அமைதியாக நிறுத்தி ஒழுங்கு செய்ய ஆளில்லாமற் போகவே, கலகம் மூண்டு வீதியில் இரத்தம் சிந்திற்று. அக்கலகத்தின் பின்னெழுந்த முயற்சிகளின் பயனாக 1885இல் வெசாக் பூரணை பொது விடுமுறை ஆயிற்று. பௌத்தக் கொடியும் அவ்வாண்டு இந்த விகாரையிலே ஏற்றப்பட்டது. இன்று ஒருவர் விழாவை மற்றவர் வாயிலில் நின்று பார்க்கின்றனர். இவ்வூரில் மணியோசைகள் ஒன்றையொன்று மதித்து ஒலிப்பது தானாக வந்த பழக்கமன்று, கற்றுக்கொண்ட பழக்கம்.

எமது ஒழுங்கையை அடைந்தோம். வாயிலிலே மீண்டும் ஒரு லொறி!

வானுக்குள் எல்லாரும் எம்மைப் பார்த்தனர். நாம் இறங்கிச் சென்றோம். நெஞ்சு சற்றே படபடத்ததை ஒப்புக்கொள்கிறோம். சாரதியிடம், “தம்பி, வானுக்குள்ளே பிள்ளைகள் களைத்துப் போய் இருக்கிறார்கள். கொஞ்சம் பின்னே எடுத்தால் போய்விடுவோம்” என்றோம்.

“சொன்னால் எடுக்கிறதுதானே, மாஸ்டர்” என்று அவர் எழுந்தார். லொறி நாலு முழம் பின்னே சென்றது. மொத்தத்தில் ஒரு நிமிடம் ஆகவில்லை.

வீட்டு வாயிலிலே தாயார் காத்திருந்தார். பிள்ளைகளின் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லபடியோ?” என்று கேட்டார்.

“நல்லபடிதான், அம்மா. ஒரு பிள்ளை சத்தம் போட்டாள், அதனாலே நல்லபடி” என்றோம்.

பொறுமை பெருங்குணமே. ஆனால் எமக்கு மட்டும் வரும் துன்பத்தைத் தாங்குவதற்கே அது உரியது. பக்கத்திலிருப்பவருக்கு ஆபத்து வரும்போது பேசாதிருத்தலைப் பொறுமை என்று அழைத்தல் தகாது. அடுத்த மாதமும் அத்திடலுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். மாணவி பத்துப் புள்ளி எடுக்க வேண்டும் என்கிறாள். எமக்கோ, தருணத்திலே வாய் திறக்கும் கலையில் இன்னும் சிறிது பயிற்சி வேண்டியிருக்கிறது.