கணவாய் மையும் ஒரு கொம்போசிங் ஸ்ரிக்கும்

அண்மையில் காலமான அச்சுக்கோப்பாளர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த காலத்தில், என் கையெழுத்தைத் தடுமாறாமல் வாசித்த ஒரே மனிதர் அவர். விடைபெறும்போது அவருடைய மகள் துணியில் சுற்றிய பொருளொன்றைத் தந்தார்.

"ஐயா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

அவர் பல்லாண்டுகள் கையில் பிடித்து ஈய எழுத்துகளைக் கோத்த கொம்போசிங் ஸ்ரிக்.

வீட்டில் அதனை யன்னலோர மேசையில் வைத்துக் கைத்தொலைபேசியில் படமெடுத்தேன். செப்பியா நிறத்தைத் தெரிவு செய்ததும் அது அருங்காட்சியகப் பொருளைப் போலாகிவிட்டது. மனம் நிறைந்தது. பின்னர்தான் உறுத்தியது.

செப்பியா என்பது கணவாய் மையிலிருந்து பெறப்பட்ட பழுப்பு நிறத்தின் பெயர். புகைப்படக் கலைஞர்கள் அந்நிறத்தை அழகுக்காக மட்டும் நாடவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்திலுள்ள வெள்ளியை இரசாயன முறையில் வெள்ளி சல்பைட்டாக மாற்றினால் படம் எளிதில் மங்காது. பழுப்பு அம்மாற்றத்தின் விளைவு. படத்தைக் காத்த அந்த நிறம், இன்று புதிய படத்துக்கும் பழைமை பூசும் சாயமாகிவிட்டது.

1955 யூலையில் அமெரிக்காவின் 'ஃபோர்ச்சூன்' சஞ்சிகையில் வோக்கர் எவன்ஸ் கைக்கருவிகளின் படங்களை வெளியிட்டார். குறடு, ஸ்பனர் போன்ற சாதாரணப் பொருள்கள், வெறும் பின்னணி, கறுப்பும் வெள்ளையும் சாம்பலும். அவற்றில் ஏக்கமில்லை, அலங்காரமில்லை. கருவி மட்டுமே இருக்கிறது.

அப்படங்களின் நினைவோடு செப்பியாவை நீக்கிப் பார்த்தேன். உருக்கில் ஆங்காங்கே துரு. இடது கை பற்றிய பகுதி மட்டும் தேய்ந்து மினுங்கியது. பழுப்பு நிறம் துருவையும் அந்த மினுக்கத்தையும் ஒன்றாக்கி மறைத்திருந்தது.

நானும் ஒருமுறை அதையே செய்தவன். எங்கள் பத்திரிகைக்குக் கணினி வந்தபோது, ஈய எழுத்துகளுக்கு விடைகொடுத்துக் கட்டுரையொன்று எழுதினேன். மையின் மணமும் இயந்திரத்தின் ஓசையும் அதில் இருந்தன. வேலையிழக்கவிருந்த அவரைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. அதனைக் கோத்தவரும் அவரே.

கோத்து முடித்துவிட்டு, "இவ்வளவுதானோ தம்பி?" என்று கேட்டார். இன்னும் பக்கங்கள் வருமா என்று கேட்கிறார் என எண்ணி, "ஓம் அண்ணை, இவ்வளவுதான்" என்றேன்.

நிறம் பூசாத படத்தை அவருடைய மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று விடுபட்ட வரிகளை இன்று எழுதுகிறேன். கோத்துத்தர அவர் இல்லை.