ஊட்நடாட்டா பாதையிலே

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்டிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 685 கிலோமீட்டர் சென்றால் மாரீ என்னும் சிற்றூர் வரும். வழிநெடுக உடன்வந்த பசுமை அதற்கு வெகு முன்னரே நம்மிடம் விடைபெற்றுக்கொள்ளும். செம்மண், கூழாங்கல், வானம் ஆகிய மூன்றுமே அங்கு மிஞ்சுவன. அந்த ஊரில் இரு மண்பாதைகள் பிரிகின்றன. ஒன்று வடகிழக்கே 517 கிலோமீட்டர் ஓடிப் பேர்ட்ஸ்வில்லை அடைகிறது. மற்றொன்று வடமேற்கே ஊட்நடாட்டா வழியாக மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளுகிறது. சென்ற ஜூலைத் திங்களில், அந்நாட்டுக் குளிர்காலத்தில், இரண்டாம் பாதையில் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் தங்கை, அவள் கணவர், அவர்களுடைய பதினைந்து வயது மகன், பத்து வயது மகள், நான் என ஐவர் புறப்பட்டோம்.

தண்ணீர் காட்டிய வழி

ஊட்நடாட்டா பாதையைப் பொறியாளர் எவரும் வரைபடத்தில் கோடிட்டு உண்டாக்கவில்லை. தண்ணீரே அதை வகுத்தது. பூமியின் ஆழத்தில் பரந்து கிடக்கும் பேராழ்நீர்ப்படுகை, பாலைவனத்தின் ஓரத்தில் ஆங்காங்கே ஊற்றுகளாய்ப் பொங்கி வருகிறது. அரபானா முதலிய பழங்குடி மக்கள் அவ்வூற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு எண்ணற்ற தலைமுறைகளாய் நடந்தனர். 1859-இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அதே ஊற்றுகளைப் பின்பற்றி வடக்கே சென்றார். 1872-இல் முற்றுப்பெற்ற தந்திக் கம்பித் தடமும், பின்னர் கான் என்னும் புகைவண்டித் தடமும் அவ்வழியையே பற்றிக்கொண்டன. புகைவண்டி 1884-இல் மாரீயை எட்டியது. 1891-இல் ஊட்நடாட்டாவையும், 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸையும் அடைந்தது. 1980-இல் மேற்கே வேறொரு தடம் அமைந்தபின் பழைய தடம் கைவிடப்பட்டது.

புகைவண்டிக்கு முன்னும் பின்னும் இந்நாட்டின் உட்பகுதிக்குச் சரக்குச் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும், அக்கால இந்தியாவின் வடமேற்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். மாரீயில் அவர்கள் கட்டிய சிறு தொழுகை இடத்தின் மாதிரியை இன்றும் காணலாம். பேர்ட்ஸ்வில் பாதையில் 1936 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அஞ்சல் கொண்டுசென்ற டாம் குரூஸ் என்பவரைப் பற்றியும் அவ்வூரில் பெருமையுடன் பேசுகிறார்கள். மணலில் புதைந்தும் வெள்ளத்தில் சிக்கியும் ஓடிய அவருடைய லேலண்ட் பேட்ஜர் லாரி, பேர்ட்வுட்டிலுள்ள தேசிய மோட்டார் காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கையில் இருப்பதைக் கொண்டு வழியிலேயே வண்டியைச் செப்பனிடத் தெரிந்தவனுக்கே அப்பாதை வழிவிட்டது.

மைத்துனரின் திருகுகள்

இனி எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் உறுதியான வண்டி அது. வாங்கிய நாளில் அதிலிருந்த சாதாரண ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, விருப்பம்போல் கூட்டவும் குறைக்கவும் கூடிய உயர்ந்த விலையுள்ளவற்றை என் மைத்துனர் பொருத்தியிருந்தார். ஓராண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேமித்த பணம் அதில் போயிருந்தது.

ஷாக் அப்சார்பரைத் தமிழில் அதிர்வுதாங்கி என்கிறோம். ஆனால் வண்டியின் பாரத்தைத் தாங்குவது அது அன்று, வில்லே தாங்குகிறது. பள்ளத்தில் அமுங்கிய வில் உடனே ஓய்வதில்லை. தள்ளிவிட்ட ஊஞ்சலைப்போல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே அதிர்வுதாங்கியின் வேலை. நீண்ட உருளைக்குள் எண்ணெய் இருக்கும். அதனுள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அப்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடவேண்டும். அந்த நெருக்கடியில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, உருளையின் மேற்புறம் வழியே காற்றில் கலந்துவிடும்.

சாதாரண அதிர்வுதாங்கியில் அந்தத் துளைகளின் அளவைத் தொழிற்சாலையிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். மைத்துனருடையவற்றிலோ ஒவ்வோர் உருளையின் அடியிலும் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் எண்ணெய் செல்லும் வழி குறுகும் அல்லது விரியும். வண்டி விறைக்கும் அல்லது நெகிழும். “சாலைக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக்கொள்ளலாம், மச்சான்” என்று அவர் பெருமையோடு காட்டினார். பின்புறம் தண்ணீர், எரிபொருள், கூடாரம், உணவுப்பெட்டி என்று பாரம் மிகுதியாதலால், தார்ச்சாலையில் திருகுகளை விறைப்பான படியில் வைத்திருந்தார்.

போர்ட் அகஸ்டாவில் நிறுத்தியபோது தங்கையின் மகன் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தான். “அப்பா, பின்பக்கம் இடப்புறத் திருகு சும்மா சுற்றுகிறது. மற்றவற்றைப்போல ‘கடக்’ என்ற ஒலி வரவில்லை” என்றான்.

“உனக்கு இதில் என்ன தெரியும்? கையை எடு” என்றார் தந்தை. பையன் எழுந்து, பின்னிருக்கையில் சென்று அமர்ந்தான். மாரீ வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

நெளிதகட்டின் மேல் ஓட்டம்

மாரீயைக் கடந்து சில கிலோமீட்டரிலேயே பாதை தன் இயல்பைக் காட்டியது. கூரைக்குப் போடும் நெளிதகட்டைத் தரையில் விரித்தாற்போல், குறுக்கே வரிவரியாகச் சிறு மேடுகள். இவை மழையாலோ காற்றாலோ உண்டாவன அல்ல. ஓடும் சக்கரங்களே இவற்றை உண்டாக்குகின்றன. மணல் பரப்பின்மேல் ஒரு சக்கரத்தை வட்டமாக ஓடவிட்டு ஆராய்ந்த அறிஞர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சமமான மணலிலும் வரிகள் தாமாகவே எழும் என்று அதில் காட்டியிருக்கிறார்கள். நமக்கு முன் சென்றவர் உண்டாக்கிய மேட்டில் நாம் குலுங்குகிறோம். குலுங்கிக்கொண்டே நமக்குப் பின் வருகிறவருக்கு மேட்டை உயர்த்திவிட்டுச் செல்கிறோம்.

விறைத்த வண்டி அந்த வரிகளின்மேல் பற்கள் கிட்டிப்பதுபோல் அதிர்ந்தது. மைத்துனர் வண்டியை நிறுத்தி, இறங்கி, திருகுகளைத் தளர்த்தினார். சிறிது தூரம் சுகமாக இருந்தது. பின்னர் வறண்ட ஓடை ஒன்றில் இறங்கி ஏறுகையில் பாரம் மிகுந்த பின்புறம் முட்டி மோதியது. மீண்டும் நிறுத்தி இறுக்கினார். இவ்வாறு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை இறங்கியிருப்பார். பிள்ளைகள் எதைக் காட்டினாலும் அவர் செவியில் ஏறவில்லை. வண்டியின் ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தார். “என்னங்க, அந்தக் கழுகைப் பார்த்தீர்களா?” என்று தங்கை கேட்டதற்கும் விடை இல்லை.

மாரீயிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் ஒரு வளைவு. வேகம் மிகுதியில்லை. ஆயினும் வண்டியின் பின்புறம் திடீரென்று வெளிப்பக்கமாக நழுவியது. வரிகளின்மேல் துள்ளும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் குறைவு, பிடிமானமும் குறைவு. கூழாங்கற்களின் மேல் வண்டி குறுக்காகச் சறுக்கி, பாதையோர மண்மேட்டில் உரசி நின்றது. சிறுமியின் நெற்றி கண்ணாடியில் மோதிச் சிவந்திருந்தது. வேறு சேதம் இல்லை. ஆனால் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமோ, மனிதரோ, வீடோ இல்லாத அந்த இடத்தில், வண்டி கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மைத்துனர் கீழே குனிந்து பார்த்தார். பின்பக்க இடப்புற உருளை முழுவதும் எண்ணெய் வழிந்து, செம்புழுதி அப்பிக் களிம்பாயிருந்தது. ஒருபுறம் விறைப்பு, மறுபுறம் வெறுமை. அதனாலேயே வண்டி வளைவில் நிலைதவறியது. தொடச் சென்ற விரலை வெப்பம் தாங்காமல் உதறினார். சிறிது நேரம் அங்கேயே குந்தியிருந்தார். பிறகு மகனிடம் வந்து, “காலையிலேயே சொன்னாய். நான் கேட்கவில்லை” என்றார். பையன் தலையை மட்டும் அசைத்தான்.

பட்டறைக்காரரின் கேள்வி

மாட்டு வண்டியின் வேகத்தில் மாரீக்குத் திரும்பினோம். அங்கே வண்டிகளைச் செப்பனிடும் முதியவர் ஒருவர், எங்கள் வண்டியைச் சுற்றி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வில்களை உயர்த்திக் கட்டியிருக்கிறீர்களா?” இல்லை என்றார் மைத்துனர். “அப்படியானால் சாதாரண நீளத்து அதிர்வுதாங்கியே பொருந்தும். என்னிடம் இருக்கிறது” என்றார். இப்பகுதியில் பலரும் ஓட்டுவது ஏறத்தாழ ஒரே வகை வண்டி. ஆகவே அதற்குரிய சாதாரணப் பொருள் எந்நேரமும் கையிருப்பில் இருக்குமாம். திருகு உள்ளவற்றுக்கு அடிலெய்டுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும்.

“பழுதான ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?” என்று மைத்துனர் தயங்கிக் கேட்டார். போட்ட பணத்தின் நினைவு அவரை விடவில்லை. முதியவர் பொறுமையாக விளக்கினார். நெளிதகடுபோன்ற பாதையில் பிஸ்டன் ஒரு நொடிக்குள் பலமுறை ஏறி இறங்குகிறது. எண்ணெய் காய்ந்து நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய் ஆட்டத்தை அடக்காது. விறைப்பைக் கூட்டினால் அமுங்கிய சக்கரம் அடுத்த பள்ளத்துக்குள் இறங்க நேரம் கிடைக்காமல் மேலேயே நின்றுவிடும். திருகு இருக்கும் இடமோ புழுதியும் நீரும் நுழைய இன்னொரு வாயில். “நல்ல பொருள்தான். பந்தய ஓட்டக்காரனுக்கும், வண்டியின் பாரம் நாளுக்கு நாள் மாறுகிறவனுக்கும் அது உதவும். உங்களுக்கு ஒரே பாரம், ஒரே பாதை. ஒருமுறை தீர்மானித்ததை மறுபடி மறுபடி தீர்மானிக்க எதற்காக ஒரு திருகு?” என்றார்.

தங்கை ஒன்றும் பேசாமல் மகளின் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். மைத்துனர் அதைப் பார்த்தார். “நான்கையும் மாற்றிவிடுங்கள்” என்றார்.

வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, சட்டத்தின் கீழ் முட்டுக் கொடுத்தார் முதியவர். அச்சு தொங்காமலிருக்க அதன் அடியிலும் ஒரு ஜாக்கி வைத்தார். மேல் நட்டையும் கீழ் போல்டையும் கழற்றினார். வெளியே வந்த பழைய உருளையைக் கையால் அமுக்கியபோது பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. புதியவற்றை நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை இழுத்து அமுக்கி உள்ளிருந்த காற்றை வெளியேற்றிய பின்பே பொருத்தினார். கீழ்ப் போல்டுகளை இறுக்கும் வேலையைத் தந்தை மகனிடம் கொடுத்தார். “வண்டி தன் காலில் நின்றபிறகு இறுக்கு, தம்பி. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிக் கிழியும்” என்று முதியவர் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். டயர்களின் காற்றையும் ஓரளவு குறைத்துக்கொள்ளச் சொல்லி, வேகத்தை அடக்கும்படி எச்சரித்து அனுப்பினார்.

அதே பாதை, மறுமுறை

மறுநாள் காலை அதே வளைவை அடைந்தோம். வண்டி குலுங்காமல் இல்லை, நன்றாகவே குலுங்கியது. ஆயினும் நான்கு சக்கரங்களும் ஒரே சொல்லைப் பேசின. எந்த அளவு குலுங்கும் என்பது தெரிந்தமையால், அதற்கேற்ற வேகத்தை மைத்துனர் தாமே அறிந்துகொண்டார். வண்டியை மாற்ற வழியில்லாதபோது ஓட்டுபவர் மாறினார் என்றே சொல்லவேண்டும்.

மாரீயிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் தென் ஏர் ஏரி கண்ணில் பட்டது. அரபானா மக்கள் கட்டி தண்டா என்றழைக்கும் அப்பேரேரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் 15 மீட்டர் தாழ்ந்தது. பெரும்பாலும் வெண்ணிற உப்புத் தளமாகவே கிடக்கும். 1964-இல் டொனால்டு காம்பெல் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டிச் சாதனை படைத்தது இவ்வேரிப் பரப்பில்தான். அவ்வளவு சமமான தளத்துக்குப் பக்கத்திலேயே இவ்வளவு நெளிந்த பாதை! அதைச் சொல்லி முதலில் சிரித்தவர் மைத்துனர்.

இன்னும் சிறிது தொலைவில், பாலைநிலத்தின் நடுவே மணலைக் கொப்பளித்துக்கொண்டு பொங்கும் ஊற்றைப் பிள்ளைகள் குனிந்து பார்த்து நெடுநேரம் நின்றார்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸில் வெதுவெதுப்பான நீரில் கால் நனைத்தோம். அங்கே பேரீச்ச மரங்கள் நிழல் தந்தன. வில்லியம் க்ரீக்கில் தங்கி, மறுநாள் ஆல்ஜிபக்கினாவில் நீல்ஸ் ஆற்றின்மேல் 1892-இல் முடிந்த 578 மீட்டர் நீளமுள்ள பழைய புகைவண்டிப் பாலத்தைக் கண்டோம். புகைவண்டி போய்விட்டது, பாலம் நிற்கிறது. அன்று மாலை ஊட்நடாட்டாவை அடைந்தோம். 1960 ஜனவரி 2-ஆம் நாள் 50.7 பாகை வெப்பம் பதிவான ஊர் அது. ஆஸ்திரேலியாவில் அதைவிட மிகுந்த வெப்பம் பதிவானதில்லை. 2022-இல் ஆன்ஸ்லோ என்னும் ஊர் அதைச் சமன் செய்தது. நாங்கள் சென்ற நாளிலோ இதமான குளிர்காற்று வீசியது.

கழற்றிய நான்கு உருளைகளையும் மைத்துனர் எறிந்துவிடவில்லை. அடிலெய்டில் அவருடைய வண்டிக்கொட்டகைச் சுவரில் அவை தொங்குகின்றன. நான் ஊர் திரும்பும் நாளில் அவற்றைக் காட்டி, “இவை கெட்ட பொருள்கள் அல்ல, மச்சான். நான்தான் இவற்றைத் திருகிக்கொண்டே இருந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கத் தவறினேன்” என்றார்.

அப்போது அவர் மகன் வண்டிக்கடியில் படுத்து, நான்கு போல்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தான். “எல்லாம் சரியாக இருக்கிறது, அப்பா” என்றான். இம்முறை தந்தை மறுபடி குனிந்து பார்க்கவில்லை.