பாதிப் பாட்டு பாயில் கிடக்கிறது

ஜப்பானில் புத்தாண்டு வந்தால் பல வீடுகளில் கவிதைச் சீட்டுக்கட்டு வெளியே வரும். ‘உதா கருதா’ என்று பெயர். புஜிவாரா நோ தெய்கா 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘ஹ்யாகுனின் இஷ்ஷு’தான் இதற்கு மூலம்: 100 கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. அதில் 21 பேர் பெண்கள்.

கட்டில் மொத்தம் 200 சீட்டுகள். வாசிக்கும் சீட்டில் முழுப் பாட்டும் கவிஞர் படமும். எடுக்கும் சீட்டில் பாட்டின் பின்பாதி மட்டும். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர்கள் அதன் பின்பாதிச் சீட்டை முந்தி எடுக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சீட்டும், சிப்பிகளை ஜோடி சேர்க்கும் பழைய அரண்மனை விளையாட்டும் கலந்து பிறந்தது இது. எடோ காலத்து ஓவியர் ஒகாதா கோரின் பெயரில் உள்ள கட்டில், சீட்டின் முதுகெல்லாம் தங்கத்தகடு. விளையாட யாருக்குக் கை வரும்!

போட்டி ஆட்டம் வேறு ரகம். பாயில் 50 சீட்டு, ஆளுக்கு 25. இடத்தை மனதில் பதிக்க 15 நிமிடம். வாசிப்பதோ 100 பாட்டும். பாயில் சீட்டே இல்லாத பாட்டு வரும்போது எதையாவது தொட்டால் தண்டம். ஏழு பாடல்களை முதல் அசையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘மு’ என்று காதில் விழுந்த கணமே சீட்டு பறந்து சுவரோரம் கிடக்கும்.

பாட்டு தெரியாத குழந்தைகளுக்கும் வழியுண்டு. படச் சீட்டுகளை வரிசையாக உருவ வேண்டும். துறவி வந்தால் கையிலிருப்பது அத்தனையும் போச்சு.

தேசியப் பட்டப் போட்டிகள் ஜனவரியில் ஓட்சு நகரின் ஓமி கோயிலில் நடக்கின்றன. காணொளி கிடைத்தால் பாருங்கள், கண் சிமிட்டாமல்.