டெஸ்ட்டுக்கு மட்டும் பத்தியம்

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தும் பாட்டிலைத் தொடாதவன் என்று எனக்கொரு திமிர் உண்டு. சிகரெட்டும் கிடையாது. அதனால் சர்க்கரை வந்தபோது அதை வியாதியாகவே நான் மதிக்கவில்லை. ஊரில் யாருக்குத்தான் இல்லை? 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் கோவா முதலிடம், 26.4 சதவீதம், அடுத்து நாங்கள், 26.3. நாட்டுச் சராசரியே 11.4தான். அந்தச் செய்தியை டீக்கடையில் உரக்கப் படித்துவிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொன்னவன் நான்.

ரத்தம் கொடுக்கும் நாள் நெருங்கினால் மட்டும் யோக்கியனாகிவிடுவேன். வேளாவேளைக்கு மாத்திரை, ராத்திரிக்கு மோர், விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடை. வெறும் வயிற்றில் 130-க்குப் பக்கம் வந்து நிற்கும். டாக்டர் மூன்று மாதச் சராசரி பார்க்கச் சொல்லி எழுதித் தரும் சீட்டு சட்டைப்பையோடு துவைக்கப் போய்விடும்.

மாரடைப்பு வந்த அன்று நெஞ்சு வலிக்கவே இல்லை. சர்க்கரை நரம்பை மரக்க வைத்திருந்தால் அப்படித்தானாம். வியர்த்தது, தாடை இழுத்தது, ஏப்பம் வந்தது. "காஸ்தான்" என்று சோடா குடித்தேன். மனைவி ஆட்டோவைக் கூப்பிடும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள்: 318. ஆஞ்சியோ மேசையில் எனக்கு நினைவு இருந்தது. ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு திறந்தாயிற்று என்று காதில் விழுந்ததும் மனசுக்குள் வீட்டுக்கே கிளம்பிவிட்டேன். அப்புறம் யாரும் பேசவில்லை. திரையில் கறுப்புச் சாயம் குழாய்க்குள் போனது. போய், அங்கேயே நின்றது. மறுபடி மருந்து செலுத்தினார்கள். மறுபடியும் நின்றது.

"மெயின் குழாய் சரியாயிடுச்சு சார். தெருக்குழாய்லதான் தண்ணி வரல" என்றார் மறுநாள் அந்த இளம் டாக்டர். நுண்குழாய்களில் ரத்தம் ஏறாத இந்த நிலைக்கு 'நோ ரீஃப்ளோ' என்று பெயர். தாமதமாக வந்தாலும் நேரும். சர்க்கரை ஏறியிருந்தாலும் வாய்ப்பு கூடும் என்றார். என்னிடம் இரண்டுமே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் காப்பாற்றும் வரி எங்கேயாவது கிடைக்குமா என்று தேடினேன். 2003-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 146 மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தபோது சர்க்கரை 160-க்குக் குறையாமல் இருந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல், மற்றவர்களில் 14. ஆனால் மூன்று மாதச் சராசரியில், சிக்கல் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாரடைப்பின் அதிர்ச்சியே சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதும் உண்டு. விடுவேனா? மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அன்னைக்குக் காலைல மாத்திரை போட்டீங்களா?"

யோசிப்பது மாதிரி பாவனை செய்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. டெஸ்ட்டுக்கு இன்னும் நாள் இருந்தது.

எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குள் ஒரு தரம் உட்கார வேண்டியிருக்கிறது. போன வாரம் அங்கே ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தபோது பழைய நண்பர் ஒருவர், தனக்கு வெறும் வயிற்றில் 118தான் என்று பெருமையாகச் சொன்னார். மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று கேட்டேன். இந்த வருஷம் மழை எப்படி என்று பேச ஆரம்பித்துவிட்டார்.